வளவுக்குள் ரயில் ஓட நிலையான வைப்பை முறிக்கலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் ஜி அளவு (வெளியில் ஓட்டும் பெரிய ரகம்) மாதிரி ரயில் போட ஆசை. இதுதான் முதல் முயற்சி. நிலையான வைப்பில் 2 இலட்சம் ரூபா இருக்கிறது. மாதம் 15,000 மிச்சம் பிடிக்கலாம். வைப்பை முறித்து வெளிநாட்டிலிருந்து முழுத் தொகுப்பையும் எடுப்பிக்கவா, கடனட்டையில் தவணைக்கு வாங்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். வைப்பைக் காலத்துக்கு முன் எடுத்தால் வட்டி குறையும். வட்டியில்லாத் தவணை என்றால் கையாளும் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அவசரமும் இல்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை திருகோணமலையில் மழை, தோண்டிய குழி நிற்காது. அந்த 4 மாதத்தில் 60,000 சேர்ந்துவிடும். அதோடு, மழை விட்டதும் வளவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். பாதை அந்தப் பக்கம் போகக்கூடாது.

எடுப்பிக்கும்போது கடைக்காரர் போட்ட விலையை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சுங்கம் பொருளின் விலை, காப்புறுதி, அனுப்பும் கூலி மூன்றையும் கூட்டித்தான் மதிப்பிடும். அதற்குமேல் 18 சதவீதம் பெறுமதி சேர் வரி. பித்தளைத் தண்டவாளம் கனம் என்பதால் கூலியும் ஏறும். ஆகவே பாவித்த தண்டவாளத்தைத் தேடுங்கள். கறுத்திருந்தாலும் பரவாயில்லை, ஏனென்று கீழே வருகிறது.

தேவையானது 600 மில்லிமீற்றர் ஆரை வளைவு 12 துண்டு, 300 மில்லிமீற்றர் நேர்த்துண்டு 14. ஏறத்தாழ 8 மீற்றர் நீள்வட்டம் கிடைக்கும், ஓரத்தோடு 3.6 க்கு 1.5 மீற்றர் நிலம் போதும். இந்த வளைவு இறுக்கமானது. நாலு சில்லுச் சின்ன எஞ்சின் ஓடும், நீளமானது தடம் புரளும்.

20 சென்ரிமீற்றர் அகலம், 10 ஆழத்தில் கான் வெட்டி, குவாரித் தூளோடு கூரான சின்னக் கருங்கல் சல்லி போட்டு இடியுங்கள். கடற்கரைக் கூழாங்கல் காசில்லாமல் கிடைக்கும்தான், ஆனால் உருளும், பாதை அசையும். தேவையான சல்லி முழுவதும் ஒரு கியூபில் (100 கன அடி) பதினாறில் ஒரு பங்குகூட வராது; லொறி பிடிக்காமல் சீமெந்துப் பையில் ஐந்து பை கேளுங்கள். தண்டவாளத்தைச் சீமெந்து வைத்து இறுக்கவே வேண்டாம். 25 பாகை சூடு ஏறினால் 8 மீற்றர் பித்தளை கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் நீளும். பொருத்துகளில் இடைவெளி இல்லையென்றால் மதிய வெயிலில் நெளிந்து நிற்கும்.

தண்டவாளம் வழியாக மின்சாரம் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உப்புக்காற்றில் பித்தளை கறுத்து, பொருத்துக்குள் பச்சை பிடிக்கும். தூர மூலையில் எஞ்சின் சோரும், நீங்கள் நாளாந்தம் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். எஞ்சினுக்குள் 14.8 வோல்ற் இலித்தியம் பற்றரியும் றிமோட்டும் வைத்தால் கறுத்த தண்டவாளத்திலும் ஓடும். 2.6 அம்பியர்-மணி பற்றரி, மோட்டர் 1 அம்பியர் இழுத்தால் இரண்டரை மணி நேரம் வரும். பாதுகாப்புப் பலகை (அளவுக்கு மீறி மின் ஏறாமலும் இறங்காமலும் தடுக்கும் சின்ன மின்சுற்று) உள்ள பற்றரியாக இங்கேயே வாங்குங்கள், தனி இலித்தியம் பற்றரியை விமானத் தபாலில் எடுப்பிப்பது பெரிய தலையிடி. ஓட்டம் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், வெயிலில் விடவேண்டாம்.

வேலிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். மாடோ, நகரப் பக்கம் திரியும் மானோ மிதித்தால் தண்டவாளம் தாங்கும், பிளாஸ்ரிக் சிலிப்பர்கட்டை உடையும்.

பெப்ரவரியில் தோண்டத் தொடங்கி, கைக்கு வரும் காசுக்கேற்பத் துண்டு துண்டாக வாங்கிப் பூட்டுங்கள். கிளைப்பாதைக்குப் பொயின்ற் (ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றதுக்குத் திருப்பும் துண்டு) வாங்குவது அடுத்த மாரிக்குப் பிறகு, சல்லிப் படுக்கை அசையாமல் நின்றால் மட்டும்.