கட்டுமானத்திலும் புதுப்பிப்பிலும் உண்டாகும் கழிவைக் கட்டுமான நிறுவனங்கள் எப்படிக் குறைக்கலாம்?

கேள்வியின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இடிபாடுகளை மறுசுழற்சிக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி உண்டா?" அந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உண்டு. மறுசுழற்சி என்பது எல்லாம் கைமீறிய பிறகு செய்வது. அதற்கு முன்னால் செய்யக்கூடியவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை, கொத்தனார் கரண்டியைக் கையில் எடுப்பதற்குப் பல மாதங்கள் முன்பே நிறுவனத்தின் அலுவலகத்தில் முடிவாகிவிடுகின்றன.

நான் அடுக்குமாடிக் குடியிருப்புப் பணிகளில் பொருள் அளவுக் கணக்கு பார்ப்பவன். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டடத்தில் ஏறியது, எவ்வளவு வெளியே போனது என்ற மூன்று கணக்கையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது என் வேலை. மூன்றாவது கணக்கை நான் பார்த்த பெரும்பாலான நிறுவனங்கள் எழுதுவதே இல்லை. லாரி வாடகையை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். அதனால் கழிவு என்பது அவர்களுக்கு மிக மலிவான விஷயமாகத் தெரிகிறது. உடைத்து வெளியேற்றும் ஒரு டைலில் அதை வாங்கிய விலை, ஏற்றி இறக்கிய கூலி, மாடிக்குச் சுமந்த கூலி, ஒட்டிய கூலி, உடைத்த கூலி அத்தனையும் சேர்ந்திருக்கின்றன. லாரி வாடகை அதில் சிறிய பங்கு. இதை ஒருமுறை எழுதிக் கூட்டிப் பார்த்த மேலாளர் யாரும் அதன் பிறகு கழிவை அலட்சியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் கேட்க வேண்டியது, பழைய கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டுமா என்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2018இல் அந்த நாட்டில் சேர்ந்த கட்டுமான, இடிப்புக் கழிவு 60 கோடி டன். சாலைகளும் பாலங்களும் இதில் அடக்கம். அந்த 60 கோடியில் 90 சதவீதத்துக்கும் மேல் இடிப்பதால் வந்தது. புதிதாகக் கட்டும்போது உண்டானது 10 சதவீதத்துக்கும் குறைவு. வேலைத்தளத்தில் ஒரு வருடம் முழுக்கச் சிக்கனமாக இருந்து மிச்சம் பிடிப்பதை, இடிக்கும் இயந்திரம் ஒரு வாரத்தில் அழித்துவிடும் என்பதுதான் இதன் பொருள்.

இடிக்காமலும் நல்ல கட்டடம் தர முடியும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று பிரான்சின் போர்தோ நகரில் இருக்கிறது. 1960களில் கட்டப்பட்ட மூன்று குடியிருப்புக் கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள். ஆன் லக்கத்தோன், ஜான் பிலிப் வசால் என்ற கட்டடக்கலைஞர்கள் வேறு இரு கலைஞர்களுடன் சேர்ந்து அவற்றை இடிக்காமல், வெளிப்புறத்தில் புதிய கண்ணாடி முற்றங்களையும் பால்கனிகளையும் இணைத்து வீடுகளைப் பெரிதாக்கினார்கள். வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பணிக்கு 2019இல் கட்டடக்கலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் மீஸ் வான் டெர் ரோ விருது கிடைத்தது. லக்கத்தோனுக்கும் வசாலுக்கும் 2021இல் கட்டடக்கலையின் மிக உயரிய பரிசாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசும் வழங்கப்பட்டது. எல்லாப் பழைய கட்டடங்களும் இப்படிக் காப்பாற்றத் தக்கவை அல்ல. அடித்தளமும் தூண்களும் உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் உறுதியைச் சோதிக்காமலேயே இடிப்புக்கு நாள் குறிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொறியாளரை அழைத்துக் கான்கிரீட்டின் வலுவைப் பரிசோதிக்கச் சில வாரங்கள் போதும்.

புதிய கட்டடத்துக்கு வருவோம். இங்கே கழிவின் அளவைத் தீர்மானிப்பது வரைபடத்தில் இருக்கும் அளவுகள்தான். பொருள்கள் சந்தைக்கு வரும் அளவு ஒன்று, வரைபடம் கேட்கும் அளவு ஒன்று என்றால், இரண்டுக்கும் இடையே உள்ளது குப்பைக்குப் போகும். 600 மில்லிமீட்டர் டைல் போடப் போகும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 3 மீட்டர் என்றால், மூட்டு இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஐந்து டைல் சரியாக உட்காரும். 3.05 மீட்டர் என்றால் வரிசைக்கு வரிசை 50 மில்லிமீட்டர் பட்டை வெட்ட வேண்டும். ஒரு டைலிலிருந்து பதினொரு பட்டையாவது கவனமாக எடுக்கலாம். அவசரத்தில் இருப்பவர் வரிசைக்கு ஒரு டைலை வெட்டி மீதியை மூலையில் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கூலி சதுர அடிக் கணக்கில். வரைபடத்தில் அந்தச் சுவரை 5 சென்டிமீட்டர் நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கம்பியிலும் இதே கதைதான். 12 மீட்டர் கம்பியில் 3.7 மீட்டர் துண்டு மூன்று வெட்டினால் 90 சென்டிமீட்டர் மிஞ்சும். வெட்டுப் பட்டியல் தயாரிக்கும்போதே அந்த 90 சென்டிமீட்டருக்கு ஒரு வேலை கண்டுபிடித்து எழுதிவிட வேண்டும்: தளக் கம்பியைத் தாங்கும் நாற்காலி, வளையம், ஏதோ ஒன்று. வெவ்வேறு நீளங்களைக் கலந்து ஒரே கம்பியில் அடக்கித் தரும் மென்பொருள்கள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. முடிந்தால் கம்பியை ஆலையிலேயே வெட்டி வளைத்து, எண்ணிட்டு வரவழைப்பது இன்னும் நல்லது.

இனி, எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குடியிருப்பில் வீடுகளை ஒப்படைத்த முதல் மாதத்திலேயே வீட்டுக்கு வீடு சுத்தியல் சத்தம் கேட்டது. வாங்கியவர்கள் தங்களுக்குப் பிடித்த டைல், அலமாரி, குழாய் வைப்பதற்காக நிறுவனம் போட்டுத் தந்ததை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கால்தடம்கூட படாத தரை மூட்டைகளில் இறங்கி வந்தது. அந்த டைலின் ஒவ்வொரு பெட்டியையும் கணக்கில் ஏற்றியவன் நான். அன்று வாசலில் நின்றபோது வயிறு எரிந்தது. யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் யாரும் முன்கூட்டியே கேட்கவும் இல்லை. விற்பனைப் பிரிவு வாங்குபவரிடம் மூன்று நான்கு தெரிவுகளைக் காட்டி, இன்ன தேதிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் போதும். நானே அமைத்துக்கொள்கிறேன் என்பவருக்குத் தரையும் சமையலறையும் போடாமல், விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கலாம். கட்டுமான நிறுவனம் எடுக்கக்கூடிய நடவடிக்கைகளில் செலவே இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு அடுத்த பெரிய நோய், வேலை நடுவில் வரும் மாற்றங்கள். பூச்சு முடிந்த சுவரில் மின்குழாய்க்காகக் காடி வெட்டுவது, பூசுவது, மறுபடி இடம் மாற்றி வெட்டுவது. மின்சாரம், தண்ணீர், குளிர்சாதனம் ஆகியவற்றின் வரைபடங்களைக் கட்டட வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியதன் விளைவு அது. ஒரே ஒரு குளியலறையை முழுமையாகக் கட்டி முடித்து, வடிவமைப்பாளர், குழாய் வேலைக்காரர், மின்பணியாளர், டைல் வேலைக்காரர் எல்லோரையும் அதற்குள் நிறுத்திப் பேச வைத்தால், மீதி நூறு குளியலறைகளில் நடக்கவிருந்த தவறுகள் அங்கேயே வெளிவந்துவிடும். அதன் பிறகு மாற்றம் கேட்பவர் எழுத்தில் கேட்க வேண்டும், எவ்வளவு பொருள் வீணாகும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைத் தொடாமல் இவை எதுவும் நிலைக்காது. பொருளை நிறுவனம் வாங்கித் தருகிறது, துணை ஒப்பந்தக்காரருக்குக் கூலி மட்டும் என்ற ஏற்பாட்டில், வீணாகும் பொருளால் அவருக்கு ஒரு காசு நட்டமும் இல்லை. சேதாரத்துக்கு 10 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அந்த 10 சதவீதம் தவறாமல் செலவாகும். அளவை உண்மையான கணக்கின்படி குறைத்து எழுதுங்கள், மிச்சப்படுத்தினால் அதில் ஒரு பங்கு வேலை செய்த குழுவுக்கே போகட்டும். தண்டத் தொகையைவிட இது நன்றாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன். கம்பி வெட்டுபவரும் டைல் ஒட்டுபவரும் எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள்; எங்கே வீணாகிறது என்று அவர்களிடம் கேட்கும் வழக்கம்தான் இல்லை.

கிடங்கைப் பற்றிச் சுருக்கமாக: சிமெண்ட் மூட்டை தரையையும் சுவரையும் தொடாமல் பலகைமேல் இருக்க வேண்டும், முதலில் வந்தது முதலில் போக வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது. தேவைக்கு ஏற்பத் தவணையாக வரவழையுங்கள். அடுக்குப் பலகைகளையும் பொதியட்டைகளையும் விற்பனையாளரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்று கொள்முதல் ஆணையில் எழுதுங்கள்.

புதுப்பிப்பில் வேலையின் வரிசை முக்கியம். கட்டிய வரிசைக்கு நேர் எதிராகப் பிரிக்க வேண்டும். அதற்கும் முன்பாகக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு ஆகியவை உள்ளனவா என்று ஆய்வு செய்வது கட்டாயம். கல்நாரை அறியாமல் உடைத்தால் வேலையாட்களின் நுரையீரலுக்கு ஆபத்து, அதோடு சேர்ந்த இடிபாடு முழுவதும் எதற்கும் பயன்படாமல் போகும். பிறகு கதவு, சன்னல், குழாய், மின்கருவி, மரச் சட்டம் ஆகியவற்றைக் கையால் கழற்றிப் பட்டியலிட்டு, எடுத்துக்கொள்பவரை முன்பே பேசி வைக்க வேண்டும். சுவர் கடைசியில். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் முழுதாகப் பெயர்ந்து வரும், தட்டிச் சுத்தம் செய்தால் மறுபடி கட்டலாம். கெட்டியான சிமெண்ட் கலவையில் கட்டியது பெரும்பாலும் உடைந்துதான் வரும். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம் 2016இல், 1916இலோ அதற்கு முன்போ கட்டப்பட்ட வீடுகளை இயந்திரம் வைத்து நொறுக்காமல் இப்படிக் கையால் பிரிக்க வேண்டும் என்று விதித்தது. பிறகு அந்த வரம்பை 1940 வரை நீட்டியது. கையால் பிரிக்க நாள் அதிகம் ஆகும் என்பது உண்மை. அந்த நாள்களை அட்டவணையில் முதலிலேயே ஒதுக்காத நிறுவனம் கடைசியில் இயந்திரத்தைத்தான் கூப்பிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுவதுதான் மறுசுழற்சிக்கு. அதிலும் கலக்காமல் இருப்பதே எல்லாம். சுத்தமான கான்கிரீட்டை நொறுக்கிச் சாலை அடித்தளத்துக்கும், தரம் பார்த்துப் புதிய கான்கிரீட்டுக்கு ஜல்லியாகவும் பயன்படுத்தலாம். பழைய சிமெண்ட் ஒட்டியிருப்பதால் அது அதிகத் தண்ணீரை உறிஞ்சும், கலவையில் அதற்கு இடம் விட வேண்டும். அதே குவியலில் ஜிப்சம் பலகை விழுந்துவிட்டால் சல்பேட் சேர்ந்து கான்கிரீட்டுக்கு உதவாமல் போகும். ஜிப்சம் குப்பைமேட்டில் மற்றக் குப்பையோடு ஈரத்தில் காற்றில்லாமல் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் வெளிவரும். எனவே தனித்தனித் தொட்டிகள், ஒவ்வொன்றின்மேலும் எழுத்தோடு படமும், வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே. மூன்று நிமிடம் நடக்க வேண்டிய தூரத்தில் சரியான தொட்டியை வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் தவறான தொட்டியில் போட்டார் என்று யாரையும் திட்டக் கூடாது.

ஒவ்வொரு தொட்டியும் வெளியே போகும்போது எடையும் வகையும் எழுதி, நூறு சதுர மீட்டர் தளப்பரப்புக்கு எவ்வளவு என்று மாதம் ஒருமுறை கணக்கிடுங்கள். அடுத்த பணியின் வரைபடம் தொடங்கும் நாளில் அந்தத் தாள் வடிவமைப்பாளரின் மேசையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டை ஒப்படைக்கும்போது செய்யக்கூடிய ஒரு சிறு வேலை. டைல், வண்ணம், குழாய் ஒவ்வொன்றின் பெயரையும் தயாரிப்புத் தொகுதி எண்ணையும், சுவருக்குள் குழாய்களும் கம்பிகளும் எங்கே ஓடுகின்றன என்பதற்கு மூடும் முன் எடுத்த புகைப்படங்களையும் ஒரு கோப்பில் கொடுங்கள். அதோடு ஒரு பெட்டி உபரி டைலையும். பத்து வருடம் கழித்து ஒரு டைல் உடையும்போது, அதே நிறம் கிடைக்காமல் முழுத் தரையையும் பெயர்க்கிறார்கள். அந்தப் பெட்டி வீட்டில் இருந்தால் ஒன்றை மாற்றினால் போதும்.