வடக்குப் பாதையின் மின்சார ரயில்கள்: கேள்வி பதில்

சென்னைப் புறநகர் மின்சார ரயில்களின் பராமரிப்பில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரிடம், நகரின் வடக்கே கும்மிடிப்பூண்டிவரை போகும் பாதையில் ராயபுரம் முதல் பொன்னேரி வரையுள்ள நண்பர்கள் எழுதிக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு அவர் தந்த பதில்களும்.

ராயபுரத்திலிருந்து: ஐயா, தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அப்படியிருக்க, மின்சார ரயில் தாம்பரத்துக்கு 1931-லேயே ஓடியதும் நமக்கு 1979 வரை வராததும் எதனால்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் இதில் ஊர்ப் பாகுபாட்டைக் காட்டிலும் தண்டவாளத்தின் அகலத்துக்கே பங்கு அதிகம். தெற்குப் பக்கம் தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனியிடம் இருந்தது. அதன் பாதை மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள குறும்பாதை. வடக்கும் மேற்கும் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயிடம் இருந்தன. அவை பிராட் கேஜ், அதாவது அகலப் பாதை. தெற்குக் கம்பெனிக்குக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டரில், காலையில் நகருக்கு வந்து மாலையில் வீடு திரும்பும் அலுவலகக் கூட்டமே நிலையான வருமானமாக இருந்ததால், அந்தத் துண்டுக்கு மட்டும் 1,500 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி போட்டு 1931-இல் ரயில் விட்டது. வடக்குக் கம்பெனிக்கோ நம் பாதை கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் போகும் பெருவழி. அதில் திருவொற்றியூர்க்காரர் ஏறி இறங்குவது இரண்டாம்பட்சம். நீராவி என்ஜினும் பின்னர் டீசல் என்ஜினும் இழுத்த பாசஞ்சர் வண்டிகளே நமக்கு வாய்த்தன.

1951-இல் இரண்டு கம்பெனிகளும் தெற்கு ரயில்வேக்குள் வந்துவிட்டன. பிறகு 1950-களின் பிற்பகுதியில் ரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்சாரம் என்ற முறையை நாடு முழுவதற்கும் தேர்ந்துகொண்டது. தாம்பரம் பாதையே 1960-களில் அந்த முறைக்கு மாற்றப்பட்டது. நம் பாதைக்கு 1979-இல் கம்பி வந்ததும், விஜயவாடாவரையிலான பெருவழியை மின்மயமாக்கும் வேலையின் ஒரு பகுதியாகத்தான். அதாவது, அது புறநகர்ப் பயணிக்கென்று போட்ட கம்பி அல்ல. எக்ஸ்பிரஸுக்கும் சரக்கு வண்டிக்கும் போட்ட கம்பியின் கீழே நம் வண்டியும் ஓடுகிறது. இதற்குப் பிறகு நீங்கள் கேட்கப்போகும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

திருவொற்றியூரிலிருந்து: பழைய மீட்டர் கேஜ் மின்சார ரயில் நம் பக்கம் ஓடியதாக என் மாமா சொல்கிறார். உண்மையா?

பதில்: கும்மிடிப்பூண்டிப் பாதையில் ஓடியதில்லை. அவர் கடற்கரை நிலையத்தில் ஏறியதை நினைவு வைத்திருக்கலாம். வடசென்னைக்காரர்கள் ராயபுரம் அல்லது வண்ணாரப்பேட்டையிலிருந்து கடற்கரை வந்து, அங்கே சிறிய வண்டிக்கு மாறி எழும்பூர், மாம்பலம் போன காலம் உண்டு. அந்த வண்டிகள் 2004-இல் நின்றன.

கொருக்குப்பேட்டையிலிருந்து: நம் பாதையில் முதலில் ஓடிய பெட்டிகளுக்கும் இப்போதைய பெட்டிகளுக்கும் என்ன வேறுபாடு? பழைய வண்டி கிளம்பும்போது ஏன் அப்படித் தூக்கிப்போட்டது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, என் வாழ்நாளில் பெரும்பகுதி அந்தத் தூக்கிப்போடுதலுக்கு அடியில்தான் கழிந்தது. மின்சார ரயிலுக்குத் தனி என்ஜின் கிடையாது. மூன்று பெட்டிகள் சேர்ந்தது ஒரு யூனிட். அதில் ஒன்று மோட்டார் கோச், அதாவது வண்டியை ஓட்டும் மோட்டார்கள் உள்ள பெட்டி. மூன்று யூனிட் சேர்ந்தால் 9 பெட்டி வண்டி, நான்கு சேர்ந்தால் 12 பெட்டி வண்டி. நடைமேடைகளை நீட்டிய பிறகே 12 பெட்டிக்குப் போக முடிந்தது. கல்கத்தா ஜெஸாப் தொழிற்சாலையில் செய்தவையும் நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் செய்தவையும் இங்கே ஓடியிருக்கின்றன. பெட்டியின் அகலம் 3.66 மீட்டர், சாதாரண எக்ஸ்பிரஸ் பெட்டியைவிட ஓரடிக்கும் மேல் அதிகம். நின்றுகொண்டு போகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த அளவு அது.

பழைய மோட்டார் கோச்சில் கம்பியிலிருந்து வரும் 25,000 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும். ரெக்டிஃபையர் அதை நேர்மின்சாரமாக்கும். பிறகு அது நான்கு மோட்டார்களுக்குப் போகும். வேகத்தைக் கூட்ட, டாப் சேஞ்சர் என்ற கருவி படிப்படியாக வோல்ட்டை ஏற்றும். ஒவ்வொரு படியிலும் விசை திடீரென்று கூடுவதால்தான், கைப்பிடியைப் பிடிக்காதவர் அடுத்தவர் காலை மிதிக்க நேர்ந்தது. அந்த மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கக் கார்பன் பிரஷ்கள் உண்டு. அவை தேயும், தேய்ந்த தூள் உள்ளேயே படியும், மழைக்காலத்தில் ஈரத்தோடு சேர்ந்து தொல்லை தரும். இப்போது வரும் திரீ ஃபேஸ் வண்டிகளில் படிகளும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. மின்னணுக் கருவி விசையைச் சீராக ஏற்றுகிறது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தருகிறது. நிலையத்துக்கு நிலையம் நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. வேலையும் குறைந்துவிட்டது. பழைய ஆட்களாகிய எங்களுக்கு அதில் சிறு வருத்தமும் உண்டு.

எண்ணூரிலிருந்து: வழியில் ஓரிடத்தில் விளக்கும் விசிறியும் அணைந்து, சில விநாடிகளில் மீண்டும் வருவது கோளாறா?

பதில்: கோளாறு அன்று. ஒவ்வொரு துணைமின் நிலையமும் மின்கட்டமைப்பின் வெவ்வேறு ஃபேஸிலிருந்து மின்சாரம் எடுப்பதால், ஒன்றின் கம்பியை அடுத்ததன் கம்பியோடு இணைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே மின்சாரமில்லாத சிறு துண்டு இருக்கும். அதற்கு நியூட்ரல் செக்‌ஷன் என்று பெயர். ஓட்டுநர் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்துவிட்டு, ஓடிய வேகத்திலேயே அதைக் கடப்பார். அங்கே வண்டி நின்றுவிட்டால் சொந்த பலத்தில் கிளம்ப முடியாது.

எண்ணூர் என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கடலின் உப்புக் காற்றும் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்து, மார்கழிப் பனியில் நனைந்தால், மின்சாரம் அதன்மேல் கசியத் தொடங்கும். ஆகவே அவற்றைத் துடைப்பது இப்பகுதியில் ஒப்புக்குச் செய்யும் வேலை அல்ல. பழைய இரும்புப் பெட்டிகளின் அடிப்பகுதியும் கதவோரமும் துருப்பிடிப்பதற்கும் இதே உப்புதான் காரணம். எவர்சில்வர் பெட்டிகள் வந்தபின் அந்தக் கவலை வெகுவாகக் குறைந்தது.

மீஞ்சூரிலிருந்து: காலையில் எங்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சரக்கு வண்டியை விடுகிறார்களே?

பதில்: வரைபடத்தைப் பாருங்கள். தண்டையார்பேட்டையில் சரக்கு யார்டு; கொருக்குப்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குக் கிளை; 1994 முதல் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம்; 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். இவற்றோடு விஜயவாடா வழியாக வடக்கே போகும் எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் ஒரே வழியில். சரக்கு வண்டியை ஒருமுறை நிறுத்தினால் மீண்டும் வேகமெடுக்க வெகுநேரம் ஆகும், நம் வண்டி சட்டென்று கிளம்பிவிடும். எனவே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நம்மை நிறுத்துவதையே எளிதாகக் கருதுவார். கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கணக்கில் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகும் இரண்டாயிரம் பேர் சேர்வதில்லை. கூடுதல் பாதைகள் போட்ட இடங்களில் நிலைமை தேறியிருக்கிறது. பெட்டிகளை எவ்வளவு புதுப்பித்தாலும், புறநகர் வண்டிக்கென்று தனிப்பாதை கும்மிடிப்பூண்டிவரை இல்லாமல் நேரம் தவறாமை வராது என்பது என் கருத்து.

வியாசர்பாடியிலிருந்து: 2009-இல் ஜீவா நிலையத்தருகே நடந்த விபத்தில், வெளியாள் ஒருவர் எப்படி ரயிலை எடுத்துக்கொண்டு போக முடிந்தது?

பதில்: அந்த ஆண்டு ஏப்ரல் 29 அதிகாலையில், சென்னை சென்ட்ரலின் புறநகர் நிலையமான மூர் மார்க்கெட் வளாகத்தில் நின்ற வண்டியை அனுமதியில்லாத ஒருவர் ஓட்டிச் சென்று சரக்கு வண்டியின்மீது மோதினார், நால்வர் இறந்தனர். மின்சார ரயிலில் இருபுறமும் ஓட்டுநர் அறை உண்டு, என்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையில்லை. சில நிமிடங்களில் திரும்பிப் புறப்பட வைக்கும் அந்த வசதியே அன்று கேடாயிற்று.

தண்டையார்பேட்டையிலிருந்து: நம் வண்டிகளை எங்கே பழுது பார்க்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் ஆவடி கார் ஷெட்டில். தாம்பரத்திலும் வேளச்சேரியிலும் மற்ற கார் ஷெட்டுகள் உள்ளன.

பொன்னேரியிலிருந்து: குளிர்சாதன மின்சார ரயில் தெற்கே வந்துவிட்டது. நமக்கு வருமா?

பதில்: 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டுப் பாதையில் ஓடத் தொடங்கிய அந்த வண்டி, நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில்தான் தயாரானது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும் வண்டி அது. நம் பாதையில் மீன்கூடையும் காய்கறி மூட்டையும் ஏற்றி இறக்கும் பெண்களுக்கு அந்தக் கதவு எத்தனை நொடி திறந்திருக்கும் என்று முதலில் கேளுங்கள். அதுவரை, கொருக்குப்பேட்டை நடைமேடையில் நின்று வரும் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருங்கள்: பழைய 12 பெட்டி வண்டியென்றால் மோட்டார் கோச்சுக்கு ஒன்றாக, மின்சாரம் எடுக்கும் நான்கு பாண்டோகிராஃப்கள் கம்பியைத் தொட்டுக்கொண்டு வரும்.