ஒரே கான்ஃபரன்ஸுக்குள் பயிற்சியாளர்கள் அணி மாறுவதைத் தடை செய்ய வேண்டுமா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் அதே கான்ஃபரன்ஸைச் (தங்களுக்குள் ஆடும் அணிகளின் கூட்டமைப்பு) சேர்ந்த இன்னோர் அணிக்குச் செல்வதை விதி போட்டுத் தடுக்கக் கூடாதா, பயிற்சியாளர் லேன் கிஃபின் ஓல் மிஸ் அணியை விட்டு எல்எஸ்யூவுக்குப் போனது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தடை வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அவர் போன வேளை தவறு என்றும், அப்படிப்பட்ட வேளையில் போகும்படி ஆட்ட நாட்காட்டியை அமைத்து வைத்திருப்பது அதைவிடப் பெரிய தவறு என்றும் நினைக்கிறேன். மிசிசிப்பியில் முதுகலை படித்து, பிறகு மெம்ஃபிஸில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். என் அலுவலகத்தில் பாதிப் பேர் ஓல் மிஸ் ஆதரவாளர்கள் என்பதால், 2025 நவம்பர் இறுதியில் நடந்தவற்றை அவர்களோடு சேர்ந்துதான் கவனித்தேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கு கான்ஃபரன்ஸ், அதாவது எஸ்இசி, 1932இல் தொடங்கப்பட்டது. 2024இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்த பிறகு அதில் 16 அணிகள் உள்ளன. ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகமும், எல்எஸ்யூ எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் அடுத்தடுத்த மாநிலங்களில் உள்ள பழைய எதிரணிகள். எல்எஸ்யூ தன் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை அக்டோபர் 26 அன்று நீக்கியது. நவம்பர் 28 வெள்ளிக்கிழமை கிஃபினின் ஓல் மிஸ் அணி மிசிசிப்பி ஸ்டேட்டை வென்று, 12 ஆட்டங்களில் 11 வெற்றிகளுடன், தன் வரலாற்றில் முதன்முறையாகத் தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளான பிளேஆஃபின் வாசலில் நின்றது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, கிஃபின் எல்எஸ்யூவின் பயிற்சியாளரானார். பிளேஆஃப் முடியும்வரை ஓல் மிஸ்ஸுக்குத் தானே பயிற்சியளிப்பதாக அவர் கேட்டார். விளையாட்டுத் துறை இயக்குநர் கீத் கார்ட்டர் மறுத்துவிட்டு, தடுப்பாட்டப் பயிற்சியாளரான பீட் கோல்டிங்கைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தார்.

கார்ட்டர் பிடிவாதம் காட்டினார் என்று அன்று பலர் எழுதினார்கள். அவர் செய்தது முற்றிலும் சரி என்று நான் நம்புகிறேன். அதே வாரக் கடைசியில் ஃபுளோரிடா, டுலேன் அணியின் பயிற்சியாளர் ஜான் சம்ரலைத் தனக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனாலும் சம்ரல் பிளேஆஃப் முடியும்வரை டுலேனுடனேயே இருந்தார், யாரும் ஆட்சேபிக்கவில்லை. காரணம் எளிது. டுலேன் இருப்பது அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற வேறொரு கூட்டமைப்பில். ஃபுளோரிடாவோடு அது ஆண்டுதோறும் மோதுவதில்லை, ஒரே வீரருக்காக இரு பள்ளிகளும் (பல்கலைக்கழகங்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) அன்றாடம் போட்டியிடுவதும் இல்லை. ஓல் மிஸ்ஸும் எல்எஸ்யூவும் அப்படியல்ல. டிசம்பர் 20 அன்று பிளேஆஃபின் முதல் சுற்றில் இந்த இரண்டு நிலைமைகளும் ஓல் மிஸ்ஸின் ஊரான ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே மைதானத்தில் நேருக்கு நேர் நின்றன: ஒரு பக்கம், வேறிடம் போவது உறுதியாகிவிட்ட பயிற்சியாளருடன் டுலேன், மறுபக்கம், போய்விட்ட பயிற்சியாளர் இல்லாத ஓல் மிஸ். ஓல் மிஸ் 41க்கு 10 என்று வென்றது.

ஒரு தலைமைப் பயிற்சியாளர் போகும்போது அவரோடு என்னென்ன போகின்றன என்பதை விளையாட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. எந்த வீரனுக்கு எந்த முழங்கால் வலிக்கிறது, யார் மனம் தளர்ந்திருக்கிறான், யார் வேறு பள்ளிக்குப் போக எண்ணுகிறான், யாருக்கு எவ்வளவு பணம் பேசப்பட்டிருக்கிறது, சேர வருவதாகச் சொன்ன பதினேழு வயதுப் பையனின் அம்மாவுக்கு என்ன கவலை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த அறிவோடு அவர் தொலைதூர மாநிலத்துக்குப் போனால் இழப்பு ஒரு மடங்கு. அடுத்த வீட்டுக்காரனிடம் போனால் நாம் இழந்தது அப்படியே அவன் கைக்குப் போகிறது. 2026 முதல் எஸ்இசி அணிகள் ஒவ்வொன்றும் கான்ஃபரன்ஸுக்குள் ஒன்பது ஆட்டங்கள் ஆட வேண்டும் என்ற புதிய முறையில், ஓல் மிஸ் எல்எஸ்யூவை ஆண்டுதோறும் சந்திக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள்.

உதவிப் பயிற்சியாளர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தாக்குதல் ஆட்டத்தை வகுத்துத் தந்த சார்லி வைஸ் ஜூனியர் கிஃபினோடு எல்எஸ்யூவுக்குப் போனார். பிறகு பிளேஆஃப் ஆட்டங்களுக்காக மட்டும் ஓல் மிஸ்ஸுக்குத் திரும்பி வந்து ஆட்டத்தை நடத்திக் கொடுத்தார். சம்பளம் ஓரிடம், கடமை ஓரிடம் என்று நின்ற அந்த மனிதரை நான் மதிக்கிறேன். ஜனவரி 1 அன்று பிளேஆஃபின் அடுத்த சுற்றான சுகர் பௌலில் ஜார்ஜியாவை 39க்கு 34 என்று அந்த அணி வென்றபோது, என்னோடு பார்த்துக்கொண்டிருந்த, நாற்பது ஆண்டுகளாக சீசன் டிக்கெட் எடுத்து வரும் ஒரு மூத்த சக ஊழியர், சிறிது நேரம் எதுவும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மயாமியிடம் 31க்கு 27 என்று தோற்றதோடு அந்த ஓட்டம் முடிந்தது.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. ஓல் மிஸ் இரு பக்கமும் இருந்து பார்த்திருக்கிறது. 1998இல் அங்கே பயிற்சியாளராக இருந்த டாமி டியூபர்வில், தன்னைப் பைன் மரச் சவப்பெட்டியில் வைத்துத்தான் அங்கிருந்து தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும் என்று சொன்ன சில நாட்களிலேயே, அதே கான்ஃபரன்ஸின் ஆபர்னுக்குப் போனார். இன்றுவரை ஆக்ஸ்ஃபோர்டில் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். 2007இல் ஆர்கன்சாஸில் பதவி விலகிய ஹூஸ்டன் நட்டை அடுத்த நாளே ஓல் மிஸ் எடுத்துக்கொண்டது. ஆகவே இதில் எந்தப் பள்ளியும் தான் மட்டும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது.

கிஃபின் போனதற்குப் பணமும் காரணம்தான், ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் வீதம் ஏழு ஆண்டுகளுக்கு எல்எஸ்யூ ஒப்பந்தம் தந்தது. மிசிசிப்பியிலோ அரசுப் பல்கலைக்கழகம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தம் எழுத முடியாது என்ற சட்ட வரம்பு இருந்து வந்தது. அதோடு, எல்எஸ்யூவில் நிக் சேபன் 2003 சீசனிலும், லெஸ் மைல்ஸ் 2007இலும், எட் ஓர்ஜெரான் 2019இலும் தேசியப் பட்டம் வென்றிருக்கிறார்கள். ஒரே பள்ளியில் அடுத்தடுத்து வந்த மூன்று பயிற்சியாளர்களும் பட்டம் வென்ற இடத்தை, அந்தத் தொழிலில் உள்ள ஒருவர் விரும்புவதில் எனக்கு வியப்பில்லை.

தடை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்தத் தடையை நாம் ஏற்கெனவே வீரர்கள்மீது போட்டுப் பார்த்திருக்கிறோம். எஸ்இசிக்குள் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறும் வீரன் உடனே ஆட முடியாது, ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற விதி 2021 வரை இருந்தது. அவனை அழைத்து வந்த பயிற்சியாளருக்கு அப்படி எந்தக் காத்திருப்பும் ஒருநாளும் இருந்ததில்லை. பத்தொன்பது வயதுப் பையனைக் கட்டிப்போட்டது தவறு என்று ஒப்புக்கொண்டு அவிழ்த்துவிட்ட பிறகு, அதே கயிற்றை எடுத்து இன்னொருவரைக் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நான் கேட்பது காலத்தில் ஒழுங்கு. எங்கள் தெருவில் எதிர் வீட்டுப் பையன் ஒருவன், உயர்நிலைப் பள்ளி அணியின் முன்வரிசையில் ஆடியவன், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் சேருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அந்தப் பயிற்சியாளர் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர். கையெழுத்துப் போட வேண்டிய வாரத்தில் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார் என்பதை அவன் கைப்பேசிச் செய்தியில்தான் பார்த்தான். புதிதாக வந்தவர்கள் அவனுக்கு இடம் இல்லை என்று ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துக்கொண்டார்கள். அன்று மாலை அவன் அப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, இனி யாரிடம் கேட்பது என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் பின்னர் ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்து ஆடினான், நன்றாகப் படித்தும் முடித்தான். ஆனால் அந்த வாரத்தில் அந்த வீட்டில் இருந்த கலக்கம் நடந்திருக்கவே கூடாதது.

2025இன் நாட்காட்டியைப் பாருங்கள். கிஃபின் போனது நவம்பர் 30. பள்ளி மாணவர்கள் கல்லூரிகளோடு கையெழுத்திடும் காலம் டிசம்பர் 3 அன்று தொடங்கியது. பிளேஆஃப் டிசம்பர் 19 அன்று தொடங்கியது. வீரர்கள் வேறு பள்ளிக்கு மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஜனவரி 2 அன்று, அதாவது சுகர் பௌலுக்கு மறுநாள், பிளேஆஃப் பாதியில் இருக்கும்போதே திறந்தது. புதிய பயிற்சியாளரை நவம்பருக்குள் பிடிக்காத பள்ளி, புதிய மாணவர்களையும் இழந்து இருக்கும் வீரர்களையும் இழக்கும் என்பதால், எந்தப் பள்ளியும் காத்திருக்கத் துணிவதில்லை. அந்த ஆண்டு எஸ்இசியில் மட்டும் ஆர்கன்சாஸ், ஃபுளோரிடா, எல்எஸ்யூ, ஆபர்ன், ஓல் மிஸ், கென்டக்கி என்று ஆறு பள்ளிகளில் பயிற்சியாளர் மாறினார்கள். அவற்றில் மூன்று பள்ளிகள் அமெரிக்கன் கான்ஃபரன்ஸின் மெம்ஃபிஸ், டுலேன், சவுத் ஃபுளோரிடா அணிகளிலிருந்துதான் ஆளை எடுத்தன. டிசம்பர் 5 அன்று நடந்த அந்தக் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்தில் மோதிய டுலேன், நார்த் டெக்சஸ் ஆகிய இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களும் ஏற்கெனவே வேறு பள்ளிகளுக்கு ஒப்பந்தமானவர்கள்.

கையெழுத்துக் காலத்தைப் பழையபடி பிப்ரவரிக்குத் தள்ளி, போர்ட்டலையும் பிளேஆஃபின் இறுதி ஆட்டத்துக்குப் பிறகே திறந்தால், நவம்பரில் ஆள் பிடிக்க வேண்டிய அவசரத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். அதன்பின் ஒருவர் எதிரணிக்கே போக விரும்பினால் போகட்டும். கையெழுத்திடும் முன் அந்தப் பையன்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் இரண்டு வார காலமாவது கையில் இருக்கும். யாரை நம்பிச் சேருகிறோம் என்று தெரிந்து சேருவார்கள்.