முழு வரிசை இம்பிளான்ட்: ஆடாமல் நிற்குமா?

பற்கள் எல்லாம் போனபின் தாடையில் சில இம்பிளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் திருகு) வைத்து, அதன்மேல் ஒரு முழுப் பல்வரிசையைத் திருகிப் பொருத்துகிறோம். ஒன்றாக இணைந்த அந்தப் பல்வரிசையைத்தான் பாலம் என்கிறோம். அதன் உறுதி பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

டாக்டர், அம்மாவுக்கு 64 வயது. கீழ்த்தாடையில் நாலே நாலு இம்பிளான்ட் போதும் என்கிறார்கள். தாங்குமா?

தாங்கும். நான்கையும் ஒரே பாலமாக இறுக்கிக் கட்டுவதால் கடிக்கும் விசை பிரிந்துபோகும். பின்னால் உள்ள இரண்டை 45 பாகை வரை சாய்த்து வைப்பார்கள். தாடை நரம்பைத் தொடாமல் நீளமான இம்பிளான்ட் வைக்கலாம், பாலம் பின்பக்கம் தொங்குவதும் குறையும். 1965-ல் ஸ்வீடனில், பல் இம்பிளான்டின் முன்னோடி பிரோனேமார்க் தன் முதல் நோயாளியின் கீழ்த்தாடையில் வைத்ததும் நான்குதான். அந்த நோயாளி 2006-ல் இறக்கும்வரை அவை உழைத்தன. மேல்தாடை எலும்பு மென்மையானது, அங்கே ஆறு வைப்பதையே நான் விரும்புவேன்.

அன்றைக்கே பல் போடலாம் என்று விளம்பரம் பார்த்தேன் சார். நிஜமா?

எலும்பு இடம் கொடுத்தால் நிஜம். இம்பிளான்டைத் திருகி முடிக்கும்போது முறுக்குவிசை 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்காவது இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் சில மாதம் காத்திருப்பதே நல்லது. ஆகவே, ஸ்கேன் பார்ப்பதற்கு முன்பே உறுதி கொடுப்பவரிடம் கவனமாக இருங்கள்.

மூன்று வாரம் ஆகிவிட்டது, வலியே இல்லை. மட்டன் சாப்பிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். இந்த வாரங்கள்தான் ஆபத்தானவை. முதல் நாள் இருந்தது திருகின் பிடி. உடம்பு திருகால் நெருக்குண்ட எலும்பைக் கரைத்துவிட்டுப் புது எலும்பு போடுகிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் பழைய பிடி தளர்ந்திருக்கும், புதியது இன்னும் முற்றியிருக்காது. அப்போது இம்பிளான்ட் ஒரு தலைமுடிப் பருமன் அளவுக்குத் திரும்பத் திரும்ப அசைந்தாலே எலும்புக்குப் பதில் வெறும் நார்த்திசு வளர்ந்துவிடலாம். வலிக்காது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். குழைந்த சாதம், இட்லி, முள் எடுத்த மீன், மசித்த பருப்பு என்று இரண்டு, மூன்று மாதம் ஓட்டுங்கள். சப்பாத்தியைக் குழம்பில் ஊறவைத்தாலும் முன்பல்லால் இழுத்துக் கடிக்காதீர்கள்.

இரண்டு வருடம் கழித்து இப்போது லேசாக ஆடுகிறது. எல்லாம் போச்சா, டாக்டர்?

பயப்படாதீர்கள். பல நேரம் தளர்ந்திருப்பது பாலத்தைப் பிடிக்கும் சிறு திருகுதான், மாற்றிவிடலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள்: ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் மற்றவற்றின்மேல் ஏறும், திருகு முறியவும் கூடும். பாலத்தைக் கழற்றி ஒவ்வொரு இம்பிளான்டாகச் சோதிக்கச் சொல்லுங்கள். இம்பிளான்டே அசைந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். எலும்பு ஆறியபின் வேறொன்று வைக்கலாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை, சிகரெட் இரண்டும் உண்டு.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். சிகரெட்டை நிறுத்தச் சொல்லுங்கள், ஆறும் வேகத்தை அது நேரடியாகக் கெடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

பாலத்துக்கு அடியில் எப்படிச் சுத்தம் செய்வது டாக்டர்?

பல்லிடுக்கு பிரஷ் தினமும், முடிந்தால் தண்ணீர் பீய்ச்சும் கருவியும். ஈறு அழற்சி எலும்புவரை இறங்கினாலும் பெரும்பாலும் வலி தெரியாது. துலக்கும்போது ரத்தம் வருவதே முதல் அறிகுறி. வந்தால் அந்த வாரமே காட்டுங்கள்.