இடுப்பு வலி இருக்கும்போது வயிற்றுத் தசைகளை வலுப்படுத்தலாமா?

கேள்வி: என் வயது 44. இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி இருக்கிறது. ஸ்கேனில், இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு (டிஸ்க்) சற்றுப் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். வயிற்றுத் தசைகள் பலமடைந்தால் வலி குறையும் என்று கேள்விப்பட்டு, கைப்பேசியில் காணொளி பார்த்துத் தினமும் காலையில் எழுந்தவுடன் முப்பது சிட்-அப் (மல்லாந்து படுத்து, எழுந்து உட்காரும் பயிற்சி) செய்தேன். மூன்றே வாரத்தில் வலி கூடிவிட்டது. எனக்கு உடற்பயிற்சியே ஆகாதா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: உடற்பயிற்சி உங்களுக்கு நிச்சயம் ஆகும். நீங்கள் தேர்ந்தெடுத்த பயிற்சியும் அதைச் செய்த நேரமும்தான் ஒத்துவரவில்லை.

ஸ்கேனில் தெரிந்த பிதுக்கத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், நாற்பது வயதினரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இத்தகைய பிதுக்கம் காணப்பட்டது. ஆனால் சிறுநீர் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ, தொடைகளின் இடைப்பகுதியிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதலோ, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பதோ தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு சேர்ந்த வலி, காரணமின்றி எடை குறைதல், கீழே விழுந்த பின் தொடங்கிய வலி ஆகியவற்றிலும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

கோர் தசைகள் என்று சொல்லப்படுபவை வயிற்றின் முன்புறத்தில் மட்டும் இருப்பவை அல்ல. ஒட்டியாணம் இடுப்பைச் சுற்றி வருவதுபோல, முன்வயிறு, விலாவுக்குக் கீழான பக்கவாட்டுப் பகுதி, முதுகெலும்பை ஒட்டிய பின்புறம் என்று சுற்றிலும் அவை அமைந்துள்ளன. மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் கீழே இடுப்புத்தளத் தசைகளும் அந்தச் சுற்றை மூடுகின்றன. நாம் குனியும்போதும் சுமை தூக்கும்போதும் முதுகெலும்பு தேவைக்கு மேல் வளையாமல் பிடித்து நிறுத்துவதே இவற்றின் தலையாய வேலை. சிட்-அப்போ அதே முதுகெலும்பைத் திரும்பத் திரும்ப மடக்குகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில், ஒரு சிட்-அப்பின்போது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மீது சுமார் 3,300 நியூட்டன், அதாவது 330 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்கு நிகரான அழுத்தம் ஏறுவதாக அளந்திருக்கிறார். வலியில்லாத இளைஞர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே நொந்திருக்கும் இடுப்பை நாளுக்கு முப்பது முறை அப்படி அழுத்துவதில் பயனில்லை.

நேரமும் முக்கியம் என்றேன் அல்லவா? இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. பகலில் நிமிர்ந்து நடமாட நடமாட அந்த நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. அதனால்தான் காலையில் நம் உயரம் மாலையில் இருப்பதைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது. உப்பியிருக்கும் ஜவ்வு, குனியும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இறுக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் முன்புறம் குனிவதைத் தவிர்த்த நாள்பட்ட முதுகு வலிக்காரர்களுக்கு வலி குறைந்ததை 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் வீடுகளில் பெண்கள் எழுந்தவுடன் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: வாசல் பெருக்குவது, சாணம் தெளிப்பது, இடுப்பை மடித்துக் குனிந்தபடியே கோலம் போடுவது. இவற்றை விடச் சொல்லவில்லை. எழுந்த பின் ஒரு மணி நேரம், முடியாவிட்டால் அரை மணி நேரமாவது நடமாடிவிட்டுச் செய்யுங்கள். நீளமான பிடி போட்ட துடைப்பம் வாங்குங்கள். ஒரு முழங்காலை ஊன்றி, முதுகை நேராக வைத்துக் கோலம் போடலாம்.

இனிப் பயிற்சிகள். மெக்கில் பரிந்துரைக்கும் மூன்றையே நானும் பெரும்பாலோருக்குச் சொல்லித் தருகிறேன். முதலாவதில், மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, இடுப்புக்கும் தரைக்கும் இடையிலுள்ள குழிவில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, அந்தக் குழிவு மாறாமல் தலையையும் தோளையும் தரையிலிருந்து மிகச் சிறிதளவே உயர்த்த வேண்டும். இரண்டாவதில், ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, முழங்கையை ஊன்றி இடுப்பை மேலே தூக்க வேண்டும். மூன்றாவதில், குழந்தை தவழ்வதுபோல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் ஒன்றாக நீட்டி, பிறகு கையையும் காலையும் மாற்ற வேண்டும். முதுகின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தக் கூடாது என்ற கவனத்தோடு செய்யுங்கள்.

ஒவ்வொரு நிலையிலும் எட்டு முதல் பத்து விநாடிகள் மட்டும் இருங்கள். முதல் சுற்றில் ஆறு முறை, அடுத்து நான்கு, பிறகு இரண்டு என்று குறைத்துக்கொண்டே வருவது தசையைக் களைப்படையச் செய்யாமல் தாங்குதிறனை வளர்க்கும். வயிற்றை உள்ளிழுக்க வேண்டாம். யாராவது விரலால் குத்த வந்தால் வயிறு தானாக இறுகுமே, அந்த இறுக்கத்தில் கால்வாசி போதும். மூச்சை அடக்காதீர்கள். பயிற்சியின்போது வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினால் அதை நிறுத்திவிடுங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு சுருங்கினால் அது நல்ல அறிகுறி.

இந்த மூன்றும்தான் சிறந்தவை என்று நான் சொல்லவில்லை. நாள்பட்ட இடுப்பு வலியில் குறிப்பிட்ட ஒரு பயிற்சிமுறை மற்றவற்றை வெகுவாக விஞ்சியதாக ஆய்வுகள் காட்டவில்லை. விடாமல் செய்யப்படும் பயிற்சியே பலன் தருகிறது. முதுகை அதிகம் அழுத்தாமல் வீட்டிலேயே செய்ய முடிகிறது என்பதால்தான் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறேன். இவற்றோடு தினமும் நடைப்பயிற்சியும் செய்யுங்கள்.

கேள்வி: இடுப்பு பெல்ட்டை நாள் முழுவதும் அணிந்திருக்கிறேன். அதுவே தசைகளுக்குப் போதுமான ஆதரவு ஆகாதா?
– வாசகர், தேனி

பதில்: ஆகாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் கொடுத்ததாக இருந்தால் அவரைக் கேட்காமல் கழற்றாதீர்கள். மற்றபடி, அணியும் நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 67. மூட்டுத் தேய்மானத்தால் தரையில் உட்காரவோ முழங்கால் ஊன்றவோ முடியாது. நான் என்ன செய்வது?
– வாசகி, காரைக்குடி

பதில்: நின்றுகொண்டே செய்யலாம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, முழங்கைகளைச் சுவரில் ஊன்றிச் சாய்ந்து, உடல் ஒரே கோடாக இருக்கும்படி பத்து விநாடி நில்லுங்கள். அதேபோல் பக்கவாட்டிலும் சாய்ந்து நிற்கலாம். சமையல் மேடையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, இடுப்பு திரும்பாமல் ஒவ்வொரு காலாகப் பின்னால் நீட்டுவது மூன்றாவது பயிற்சி. உங்கள் வயதில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தால், முன்னால் குனிந்து கால்விரலைத் தொடுவது போன்ற பயிற்சிகளை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மெலிந்த முள்ளெலும்பு அந்த வளைவிலேயே நொறுங்கக்கூடும்.