தலைக்குந்தா புல்வெளியும் அண்டார்டிகாவும்

கேள்வி: 2022 மார்ச்சில் அண்டார்டிகாவில் திடீரென்று 40 டிகிரி வெப்பம் ஏறியதாக எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அமெரிக்காவின் ஹார்ப் நிலையம் செய்த வேலை என்கிறார்கள். பூமிக்கு அடியிலிருந்து சூடு கிளம்புகிறது என்றும் சொல்கிறார்கள். படத்தில் பாதிக் கண்டம் சிவந்து கிடக்கிறது. பத்திரிகைக்காரர்கள் நீங்கள் ஏன் இதை மறைக்கிறீர்கள்?
– தேயிலை விவசாயி ஒருவர், எமரால்டு

பதில்: யாரும் மறைக்கவில்லை. 2022 மார்ச் 18 அன்று கிழக்கு அண்டார்டிகாவின் உள்ளே, 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கன்கார்டியா ஆய்வு நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 12 டிகிரி வரை வந்தது. அந்தப் பருவத்தில் அங்கே மைனஸ் 50 வாக்கில்தான் இருக்கும். ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் மைனஸ் 17.7. இதெல்லாம் அந்த வாரமே உலகம் முழுக்கச் செய்தியாக வந்தது. ஆக, வீடியோவில் எண் சரி. காரணம்தான் பொய்.

ஹார்ப் என்பது வளிமண்டலத்தின் உயரடுக்கை ஆராய ரேடியோ அலை அனுப்பும் நிலையம். அலாஸ்காவில் இருக்கிறது. அதன் ஒலிபரப்பிச் சக்தி 3.6 மெகாவாட். நம் நீலகிரி மாவட்டம் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். இந்த மாவட்டத்தில் சதுர மீட்டருக்கு ஒரே ஒரு வாட் சூடு கொடுக்க வேண்டுமென்றால்கூட 2,500 மெகாவாட் வேண்டும். குந்தா, பைக்காரா மின்நிலையங்கள் அத்தனையையும் சேர்த்து ஓட்டினாலும் அவ்வளவு வராது. 3.6 மெகாவாட்டை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தை எப்படிச் சூடாக்குவது? பூமிக்கு அடியிலிருந்து வரும் சூடும் அப்படித்தான். சராசரியாகச் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கன்கார்டியாவில் அதற்கு மேலே 3 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பனிக்கட்டி. அதைத் துளைத்துக்கொண்டு ஒரு வாரம் வந்து, மறு வாரம் திரும்பிப் போகிற சூடு எதுவும் கிடையாது.

படத்தில் தெரியும் சிவப்பு, வழக்கத்தைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று காட்டுகிற நிறம். அந்தச் சிவப்புக்குள் நின்ற ஆள் மைனஸ் 12 டிகிரியில் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

சரி, உண்மைக் காரணத்துக்கு வருகிறேன். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது வருத்தமாக இருந்தது.

மார்கழி, தை மாதங்களில் பொழுது சாயும்போது நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? வானத்தைத்தான். மேகம் இல்லை, காற்றும் இல்லை என்றால் இன்றைக்கு உறைபனி விழும் என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்வீர்கள். மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகப் படுப்பீர்கள். மேகம் போர்வை மாதிரி. தரை இரவெல்லாம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகமும் ஈரக்காற்றும் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கீழே அனுப்பும். வானம் வெறிச்சென்று இருந்தால் போன சூடு போனதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதக் காலையில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைக்குந்தாவில் இறங்கிப் பார்த்தேன். புல்வெளி முழுக்க உப்புக் கொட்டியது போல வெள்ளை. காலை வைத்தால் நொறுங்கியது. வெட்டவெளியில் நிறுத்தியிருந்த பைக்கின் சீட்டில் நகத்தால் சுரண்டி எடுக்கும் அளவுக்குப் பனி. ஆனால் ஓரத்தில் நின்ற மரத்தடியில் மட்டும் வட்டமாகப் பச்சைப் புல், ஒரு பொட்டு வெள்ளை இல்லை. மரம் அந்தப் புல்லுக்குச் சூடு கொடுக்கவில்லை, வானத்தை மறைத்தது, அவ்வளவுதான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளை மலார் என்னும் புதர்ச்செடியைப் போட்டு மூடுவதும் இதற்குத்தான். நீங்கள் நாற்றுக்கு மேல் காய்ந்த புல்லைப் பரப்புவதும் இதற்குத்தான்.

இன்னொன்றும் அங்கே பார்க்கலாம். ஆள் மார்பளவு உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் தொங்கும் தெர்மாமீட்டர் 2 அல்லது 3 டிகிரி காட்டும்போதே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். காற்றின் வெப்பநிலை வேறு, தரையின் வெப்பநிலை வேறு. செயற்கைக்கோள் மேலிருந்து அளப்பது தரையை. அதையும் மேகமில்லாத இடத்தில்தான் அளக்க முடியும். இரண்டு எண்களையும் ஒரே படத்தில் கலந்து பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். 1983 ஜூலை 21 அன்று வோஸ்டாக்கில் தெர்மாமீட்டர் அளந்த மைனஸ் 89.2 காற்றின் குளிர். செயற்கைக்கோள்கள் கிழக்கு அண்டார்டிகாவின் உச்சி மேட்டில் கண்ட மைனஸ் 98 தரையின் குளிர். அந்த மைனஸ் 98 எங்கே பதிவானது தெரியுமா? பனிமேட்டில் ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் ஆழமில்லாத பள்ளங்களில். கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து வந்து அங்கே தேங்குகிறது. உங்கள் தோட்டத்திலும் பள்ளத்துக் கொழுந்துதானே முதலில் கருகுகிறது!

இப்போது 2022 மார்ச்சுக்குப் போவோம். கிழக்கு அண்டார்டிகா ஒரு பெரிய தலைக்குந்தா. காற்றில் ஈரமே இல்லை, மேகம் அரிது. தரையை ஒட்டிய காற்று கடுங்குளிராகவும், சில நூறு மீட்டர் மேலே இருப்பது அதைவிட வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருந்த பலமான உயர் அழுத்தம், கடல் மேலிருந்த ஈரக்காற்றை ஓர் ஆறு போலக் கண்டத்துக்குள் திருப்பிவிட்டது. வளிமண்டல ஆறு என்றே அதற்குப் பெயர். அது தன் சூட்டோடு வந்தது. ஈரம் பனியாக விழுந்தபோது இன்னும் சூட்டை விட்டது. மேகம் போர்வையாக மூடியது. காற்று வீசி, மேலிருந்த வெதுவெதுப்பைக் கீழே கலக்கியது. நான்கும் ஒரே சமயத்தில் நடந்ததால் எண் எகிறியது. சென்னையில் இப்படி வழக்கத்தைவிட 40 டிகிரி ஏறாது. அங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது, பக்கத்தில் கடல் இருக்கிறது. போர்வையே இல்லாத இடத்தில்தான் ஒரு போர்வை இவ்வளவு வித்தியாசம் காட்டும்.

எல்லா முறையும் இதே காரணம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் அதே கிழக்கு அண்டார்டிகாவின் பெரும்பரப்பு வழக்கத்தைவிட 10 டிகிரி போலக் கூடியது. அப்போது துருவத்தைச் சுற்றி உயரத்தில் குளிரைப் பூட்டி வைத்திருக்கும் காற்றுச் சுழல் தளர்ந்துபோயிருந்தது.

புவி வெப்பமாதலால்தான் 40 டிகிரியும் ஏறியது என்று சொல்கிற நண்பர்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மார்ச் நிகழ்வை ஆராய்ந்தவர்கள் புவி வெப்பமாதலின் பங்கை 2 டிகிரி என்றே கணக்கிட்டார்கள். மீதி வானிலையின் வேலை. ஆனால் அந்த 2 டிகிரியை நான் சின்னதாக நினைக்கவில்லை. வானிலை வந்து போய்விடும், அந்த 2 டிகிரி போகாது. அதே மார்ச்சில் கரையோரத்தில் கடல்மேல் மிதந்த, சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் இருந்த காங்கர் பனியடுக்கு உடைந்து சிதறியதையும் மறக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் ஏறக்குறைய பாதி அது.

ஒரு வேலை சொல்கிறேன், செய்வீர்களா? ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள். இந்த மார்கழியில், மேகமில்லாத இரவு ஒன்றில், ஒன்றை வெட்டவெளிப் புல்லின் மேலும், மற்றதை அதே தோட்டத்து மரத்தடிப் புல்லின் மேலும் வையுங்கள். விடிவதற்குள் எழுந்து இரண்டையும் படித்து, அன்றைய தேதியோடு எழுதி அனுப்புங்கள். மேகம் மூடிய இரவிலும் ஒருமுறை இதையே செய்யுங்கள். நான்கு எண்களையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.