நான்கு பெட்டைக்குச் சேவல் வேண்டுமா?

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒட்டியொட்டி வீடுகள், நான்கு பெட்டைக்கோழிகள், ஒரு சேவல்; சேவலைக் கொடுத்துவிட்டால் முட்டை நின்றுவிடுமோ என்று கவலைப்பட்டுக் கேட்டிருக்கிறீர்கள். முட்டை நிற்காது. சேவலே இல்லாமலும் பெட்டை முட்டையிடும். ஆனால் அந்த முட்டையை அடைவைத்தால் கூமுட்டைதான், 21 நாள் காத்திருந்தாலும் குஞ்சு வராது.

சாப்பிட முட்டை போதுமென்றால் சேவலைக் கொடுத்துவிடுங்கள். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகளாவது வேண்டும். கடலூர் முதுநகரில் நான் மூன்று பெட்டைகளோடு ஒரு சேவலை விட்டிருந்தேன். சாதுவான கருப்பியையே அது ஓயாமல் மிதித்தது. முதுகில் இறகு உதிர்ந்து, சிவந்த தோலில் நகக்கீறல்கள். மஞ்சள் பூசும்போது அது நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சேவலை அன்றே அனுப்பியிருக்க வேண்டும்.

பருந்து வட்டமிட்டால் சேவல் குரல் கொடுத்து எச்சரிக்கும், உண்மைதான். அந்தக் காவலை மேலே கட்டிய வலையும் செய்யும். விடியுமுன்பே கூவுவதைப் பக்கத்து வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

குஞ்சு வேண்டுமானால், சேவல் வைத்திருப்பவரிடம் கருக்கூடிய முட்டை வாங்கி, அடைக்கோழிக்கு வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் முட்டையை டார்ச் ஒளியில் பாருங்கள், கரு வளர்ந்தால் உள்ளே சிலந்திவலைபோல் ரத்த நாளம் ஓடியிருக்கும்.